பால் எர்லிக்

நோயற்ற வாழ்வை விரும்பாதார் உலகில் எவரும் இலர். நோய் வந்துற்றபோது அதனைப் போக்குவது மருந்து. ஆனால், மருந்து என்பது தன் இயல்பால் நன்மையே செய்வது என்று எண்ணுதல் தவறு. அமிழ்தமும் அளவு கடப்பின் நஞ்சாகும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. நஞ்சும் அளவறிந்து பயன்படுத்தின் அமிழ்தமாகும் என்பதும் அதனோடு ஒத்த உண்மையே. ஆகவே, புதிய மருந்தைக் கண்டறிவதற்கு ஓர் ஆற்றல் வேண்டும். கண்ட மருந்தை அளந்து, ஆராய்ந்து, தீங்கு நீக்கி வழங்குவதற்கு மற்றோர் ஆற்றல் வேண்டும். முன்னதற்குத் துணிவு இன்றியமையாதது. பின்னதற்குப் பொறுமை இன்றியமையாதது. இவ்விரண்டும் ஒருவரிடத்தே ஒருங்கு அமைதல் அரிது. அங்ஙனம் அமையப்பெற்ற பெருமக்களுள் தலைசிறந்தவர் ஜெர்மனி நாட்டு அறிஞர் பால் எர்லிக் ஆவார்.

எர்லிக் 1854-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14-ஆம் நாள், சைலீசியாவில் உள்ள ஸ்ட்ரேலன் என்னும் சிற்றூரில் யூதர் குடியில் தோன்றினார். அவ்வூர் அந்நாளில் பிரஷ்ய அரசுக்கு உட்பட்டிருந்தது. இந்நாளில் போலந்து நாட்டின்கண் உள்ளது. அவருடைய தாய்வழி உறவினராகிய கார்ல் வைகர்ட் என்பார், உடலின் கூறுகளுக்குச் சாயம் ஏற்றி அவற்றை நுண்ணோக்கியால் ஆராயும் கலையில் வல்லவர். அவரோடு பழகியதனால் எர்லிக்கின் உள்ளமும் அக்கலையில் ஆழ்ந்தது. பிரெஸ்லௌ, ஸ்ட்ராஸ்பர்க், பிரைபர்க், லைப்சிக் ஆகிய நகரங்களின் பல்கலைக்கழகங்களில் அவர் மருத்துவம் பயின்றார். 1878-ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டத்திற்காக அவர் எழுதிய ஆராய்ச்சியுரையும் சாயமேற்றும் கலையைப் பற்றியதே ஆகும்.

சாயங்களோடு பழகிய அவர் ஒரு வியத்தகு செய்தியைக் கண்டார். ஒரு சாயம் ஒரு வகை உயிரணுவை மட்டும் பற்றும். அதனை அடுத்துள்ள மற்றொரு வகையைத் தீண்டாது. இதனைக் கண்டவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். ஆயினும், இதிலிருந்து அவர் எழுப்பிய வினா பிறர் எழுப்பாதது. சாயம் ஓர் அணுவைத் தேர்ந்து பற்றுமாயின், நோய்க்கிருமியைத் தேர்ந்து பற்றும் நஞ்சு ஒன்றையும் ஆக்குதல் கூடாதோ? நோயாளியின் உடலை வருத்தாமல் கிருமியை மட்டும் வீழ்த்தும் மருந்து, இராமபாணம் போலக் குறிதப்பாது செல்லுமன்றோ? இவ்வெண்ணமே அவருடைய வாழ்நாள் முழுவதையும் இயக்கியது.

பட்டம் பெற்றபின் அவர் பெர்லின் நகரத்து சாரிட்டே மருத்துவமனையில் பணியேற்றார். குருதியின் அணுக்களைச் சாயத்தால் வகைப்படுத்தி அறியும் முறையை அங்கு வகுத்தார். 1882-ஆம் ஆண்டில் ராபர்ட் காக் என்னும் பேரறிஞர் எலும்புருக்கி நோயின் கிருமியைக் கண்டறிந்து வெளியிட்டார். அக்கிருமியைச் சாயமேற்றித் தெளிவாகக் காட்டும் சிறந்த முறையை எர்லிக் விரைவில் கண்டளித்தார். சில ஆண்டுகள் கழிந்தபின், அக்கிருமி தம் சளியிலும் இருப்பதை அவரே கண்டார். நோய் நீங்கும்பொருட்டு 1888-ஆம் ஆண்டில் எகிப்து நாட்டிற்குச் சென்று தங்கி, நலம் பெற்றுத் திரும்பினார்.

திரும்பிய சிறிது காலத்திற்குள் அவர் ஒரு பெரும் படிப்பினையை அருகிருந்து காண நேர்ந்தது. 1890-ஆம் ஆண்டில் காக், டியூபர்குலின் என்பதனை எலும்புருக்கி நோய்க்கு மருந்தாக அறிவித்தார். அது எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதனை அவர் உடனே வெளியிடவில்லை. அவருடைய புகழை நம்பி நோயாளிகள் திரள்திரளாகப் பெர்லினை நோக்கி விரைந்தனர். ஆனால், எதிர்பார்த்த நலம் விளையவில்லை, பலருக்கு நோய் மிகுந்தது, சிலர் இறந்தும்பட்டனர். அம்மருந்து பின்னாளில் நோயைக் கண்டறியும் கருவியாகப் பயன்பட்டதேயன்றி, நோயைத் தீர்க்கும் மருந்தாகவில்லை. பேரறிஞர் ஒருவரின் புகழும், துன்புற்றோரின் ஆர்வமும் மருந்தின் தகுதிக்குச் சான்றாகமாட்டா என்பதனை அந்நிகழ்ச்சி உலகிற்கு உணர்த்தியது.

அக்காலத்தில் குழந்தைகளைக் கொன்றுவந்த நோய்களுள் மிகக் கொடியது டிப்தீரியா என்னும் தொண்டை அடைப்பான் நோய். அந்நோயின் கிருமிகள் உமிழும் நஞ்சினை முறிக்கும் பொருள், நோயைத் தாங்கி மீண்ட விலங்கின் குருதியில் உண்டாகிறது என்பதனை 1890-ஆம் ஆண்டில் எமில் பேரிங் என்பவரும் கிட்டசாட்டோ என்னும் ஜப்பானிய அறிஞரும் கண்டறிந்தனர். இந்த நச்சுமுறியைக் கொண்ட குருதித் தெளிவு சீரம் எனப்படும். ஆனால், நோயுற்ற குழந்தையைக் காக்கப் போதிய வலிமையுள்ள சீரத்தைப் பெறுதல் எளிதாக இல்லை.

இவ்விடத்தில் எர்லிக்கின் ஆராய்ச்சி உதவியது. ஆமணக்கு வித்திலும் குன்றிமணியிலும் கொடிய நஞ்சு உண்டு. அந்நஞ்சுகளை அவர் எலிகளுக்கு முதலில் மிகச் சிறிய அளவில் கொடுத்து, நாள்தோறும் படிப்படியாக மிகுத்தார். முடிவில், புதிய எலியை உடனே கொல்லத்தக்க அளவினும் பன்மடங்கு மிகுந்த நஞ்சினை அவ்வெலிகள் தாங்கி நின்றன. இம்முறையைக் கையாண்டு வலிமை மிக்க சீரத்தைப் பெறுதல் கூடுமாயிற்று. குதிரைகளின் குருதியிலிருந்து சீரம் எடுக்கும் தொழில் வளர்ந்தது. 1894-ஆம் ஆண்டு முதல் ஹோக்ஸ்ட் நகரத்துத் தொழிற்சாலை அதனை ஆக்கி விற்கலாயிற்று.

ஆயினும், புதியதோர் இடர் தோன்றியது. ஒரு குப்பியில் உள்ள சீரம் வலியதாக இருக்கும். மற்றொரு குப்பியில் உள்ளது வலியற்றதாக இருக்கும். கண்ணால் நோக்கின் இரண்டும் ஒரே தன்மையன. வலியற்றதனைப் பெற்ற குழந்தை, மருந்து பெற்றும் மாண்டது. மருந்து பொய்யன்று, அதன் அளவே பொய்த்தது. நிறை குன்றிய படியால் நெல் அளப்பவன் வாங்குவோர் வயிற்றில் அடிக்கிறான். அளவு குன்றிய மருந்தோ உயிரையே பறிக்கிறது. ஆகவே, சீரத்தின் வலிமையை அளக்க மாறாத அளவுகோல் ஒன்று வேண்டப்பட்டது.

முதலில் அறிஞர்கள் நோயின் நஞ்சினையே அளவுகோலாகக் கொண்டனர். எர்லிக் அதன் குற்றத்தை உணர்ந்தார். நஞ்சு நாட்பட நாட்படக் கொல்லும் ஆற்றலில் குன்றுகிறது. ஆயினும், நச்சுமுறியைப் பற்றி நிற்கும் ஆற்றலில் அவ்வாறு குன்றுவதில்லை. அளவுகோலே நாளுக்கு நாள் மாறுமாயின் அளப்பது எங்ஙனம்? எனவே, அவர் நஞ்சினை விடுத்து நச்சுமுறியையே அளவுகோலாக்கினார். சீரத்தை நன்கு உலர்த்திப் பொடியாக்கி, காற்று நீக்கிய கண்ணாடிக் குழாயில் அடைத்து, இருளிலும் குளிரிலும் வைத்துப் பாதுகாத்தார். இப்பொடியின் ஆற்றல் மாறவில்லை. அதனைக் கொண்டு எந்தச் சீரத்தையும் ஒப்பிட்டு, கினிப்பன்றிகளில் சோதித்து, அதன் வலிமை இவ்வளவு என்று கூற இயன்றது. 1897-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட இம்முறை பிற நாடுகளிலும் பரவியது. அவர் வகுத்த அலகே 1922-ஆம் ஆண்டில் உலக நாடுகளின் பொது அலகாக ஏற்கப்பெற்றது.

சீரங்களைச் சோதிப்பதற்கென்றே பிரஷ்ய அரசு 1896-ஆம் ஆண்டில் பெர்லினை அடுத்த ஸ்டெக்லிட்ஸ் என்னும் இடத்தில் ஒரு நிலையத்தை அமைத்து, எர்லிக்கை அதன் தலைவராக்கியது. 1899-ஆம் ஆண்டில் அந்நிலையம் பிராங்பர்ட் நகருக்கு மாற்றப்பெற்று விரிவடைந்தது. தொழிற்சாலையில் ஆக்கப்பட்ட ஒவ்வொரு தொகுதிச் சீரத்திலிருந்தும் ஒரு பகுதி அங்குச் சென்றது. அதன் வலிமை சொல்லிய அளவில் உள்ளதா, அதில் கிருமி கலந்துள்ளதா, உடலுக்கு வேறு தீங்கு உண்டா என்று ஆராய்ந்தனர். தேறிய தொகுதியே விற்பனைக்குச் செல்லலாம். தேறிச் சென்றதும் பின்னாளில் வலிமை குன்றியது எனத் தெரியின் திரும்பப் பெறப்பட்டது.

இத்தகைய சோதனை மருத்துவத்தின் வளர்ச்சியைத் தடுக்கும் என்று எண்ணுதல் இயல்பே. நிகழ்ந்ததோ வேறு. சோதனை முத்திரை பெற்ற குப்பியை மருத்துவர் ஐயமின்றிக் கையில் எடுத்தார். தாய்மார் அச்சமின்றிக் குழந்தையை நீட்டினர். சோதனை இல்லாத இடத்தில் விளைந்த துன்பத்திற்கு 1901-ஆம் ஆண்டு சான்றாகும். அமெரிக்க நாட்டின் செயின்ட் லூயிஸ் நகரில் டிப்தீரியாச் சீரம் எடுக்கப்பெற்ற குதிரை ஒன்றிற்கு டெட்டனஸ் என்னும் இரணசன்னி நோய் இருந்தது. அந்நஞ்சு கலந்த சீரம் உரிய சோதனையின்றி வழங்கப்பட, குழந்தைகள் 13 பேர் மாண்டனர். அதன் பின்னரே, 1902-ஆம் ஆண்டில், சீரம் முதலியவற்றை ஆக்குவோர் உரிமம் பெறுதல் வேண்டும் என்னும் சட்டத்தை அந்நாடு இயற்றியது. தம்மைக் காக்க வந்த மருந்தினாலேயே மாண்ட அக்குழந்தைகளை எண்ணின், பிராங்பர்ட் நிலையத்தின் அருமை விளங்கும்.

உடல் நோயை எதிர்க்கும் திறம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1908-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு எர்லிக்குக்கும் மெச்னிக்காப் என்னும் அறிஞருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அதுகாறும் அவர் பெரும்பாலும் பிறர் கண்ட மருந்தை அளந்தவர். இனித் தாமே மருந்தைக் காணும் பணி அவரை அழைத்தது. பிராங்பர்ட் நகரத்துப் பெருஞ்செல்வர் ஒருவரின் கைம்பெண்ணாகிய பிரான்சிஸ்கா ஸ்பையர் அம்மையார் வழங்கிய பெருங்கொடையால், 1906-ஆம் ஆண்டில் கியார்க் ஸ்பையர் நிலையம் என்னும் ஆராய்ச்சிச்சாலை அவர் பொருட்டு எழுந்தது.

அக்காலத்தில் அட்டாக்சில் என்னும் மருந்து, ஆப்பிரிக்காவில் பரவிய உறக்க நோயின் கிருமிகளைக் கொல்லுவதாக அறியப்பட்டிருந்தது. அது பாடாணம் எனப்படும் ஆர்செனிக்கு கலந்தது. கிருமியைக் கொன்ற அம்மருந்து நோயாளிகள் சிலரின் கண்ணொளியையும் கெடுத்தது. இதனைக் கண்ட எர்லிக் அம்மருந்தை அறவே தள்ளவுமில்லை, அப்படியே கொள்ளவுமில்லை. அதன் அமைப்பைத் தம் துணைவராகிய ஆல்பிரட் பெர்ட்ஹைம் என்னும் வேதியறிஞருடன் ஆராய்ந்து, அதனைச் சிறிது சிறிதாக மாற்றி நூற்றுக்கணக்கான புதிய பொருள்களை ஆக்குவித்தார். ஒவ்வொன்றையும் அவர் ஒரே அளவையால் நிறுத்தார். நோயைத் தீர்க்க வேண்டும் அளவு எவ்வளவு? உடல் தாங்கும் அளவு எவ்வளவு? இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு மிகுந்ததே மருந்து, குறைந்தது நஞ்சு. மருந்தியலார் இன்றும் போற்றும் அளவை இது.

இப்பொருள்களுள் ஒன்று 606 என்னும் எண் பெற்றது. 1907-ஆம் ஆண்டில் அதனைச் சோதித்த உதவியாளர் ஒருவர் அது பயனற்றது எனக் கூறவே, அது ஒதுக்கி வைக்கப்பட்டது. 1909-ஆம் ஆண்டில் ஜப்பானிலிருந்து சகாசிரோ ஹாட்டா என்னும் இளைஞர் வந்து சேர்ந்தார். மேகநோயை முயல்களில் உண்டாக்கி ஆராயும் முறையில் அவர் வல்லவர். அந்நோய் அக்காலத்தில் குடும்பம் குடும்பமாக மக்களை அழித்தது. பெற்றோரின் நோய் பிறக்கும் குழந்தையையும் பற்றியது. அதற்கு வழங்கிய பாதரசமோ நோயாளியைப் பெரிதும் வருத்தியது. ஒதுக்கி வைத்தவற்றையும் மீண்டும் சோதிக்குமாறு எர்லிக் ஹாட்டாவைப் பணித்தார். பயனற்றது எனக் கைவிடப்பட்ட 606, நோயுற்ற முயல்களின் புண்களை ஆற்றிக் கிருமிகளை ஒழித்தது. சோதனை என்பது தீய மருந்தைத் தடுப்பதற்கு மட்டும் உரியதன்று; பிழைபட்ட சோதனையால் நல்ல மருந்தும் மறைந்துபோகும் என்பதும், பொறுமையோடு செய்யும் சோதனை அதனை மீட்டுத் தரும் என்பதும் இதனால் பெறப்படும்.

முதலில் விலங்குகளிலும், பின்னர்த் தாமே முன்வந்த இளம் மருத்துவர் இருவர் உடலிலும், அதன்பின் நோயாளிகளிடத்தும் அம்மருந்து ஆராயப்பட்டது. 1910-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் வீஸ்பாடன் நகரில் கூடிய மருத்துவப் பேரவையில் அதன் பயன் அறிவிக்கப்பட்டது. உடனே நாற்றிசையினின்றும் வேண்டுகோள்கள் வந்து குவிந்தன. மருத்துவர் எழுதினர், நோயாளர் நேரில் வந்து நின்றனர். எர்லிக்கின் உள்ளம் இருதலைக்கொள்ளி எறும்பாயிற்று. உடனே வழங்கினால், அறியாத தீங்கு ஒன்று ஆயிரவரைத் தாக்கலாம்; டியூபர்குலின் வரலாறு கண்முன் நின்றது. வழங்காது காலந்தாழ்த்தினால், அத்தாழ்வாலேயே காப்பாற்றத்தக்க பலர் அழிவர். விரைவும் கொல்லும்; தயக்கமும் கொல்லும்.

அவர் இரண்டிற்கும் இடைப்பட்ட வழியைத் தேர்ந்தார். ஏறத்தாழ 65,000 குப்பி மருந்தை விலையின்றி மருத்துவர்களுக்கு வழங்கச் செய்தார். அதற்கு ஒரே விலை உண்டு: மருந்தினால் விளைந்த நன்மையையும் தீமையையும் மறையாது எழுதியனுப்புதல் வேண்டும். வந்த அறிக்கைகளை ஆராய்ந்து, யாருக்கு அம்மருந்து ஆகாது, எவ்வளவு கொடுக்கலாம், எவ்வாறு செலுத்தலாம் என்பனவற்றை அவர் வரையறுத்தார். தாம் ஆக்கிய மருந்திற்குத் தாமே நடுவராதல் பொருந்தாது என்று உணர்ந்தவர் போலப் பலருடைய கண்களால் அதனை நோக்கினார். 1910-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில்தான் அது சால்வர்சான் என்னும் பெயரோடு விற்பனைக்கு வந்தது.

அதன்பின்னும் இடர்கள் முற்றிலும் நீங்கவில்லை. ஒரே ஊசியால் நோயை வேரறுக்கலாம் என்று எர்லிக் முதலில் நம்பினார். மக்களிடத்தே பலமுறை செலுத்த வேண்டும் என்பது தெரிந்தபோது அந்நம்பிக்கையைக் கைவிட்டார். அம்மருந்து காற்றுப்பட்டால் கெடும் இயல்பினது. ஆகையால், காற்றுப் புகாத கண்ணாடிக் குப்பியில் அடைக்கப்பட்டது. அதனைக் கரைத்துச் செலுத்துவதற்கு மிகுந்த கைத்திறன் வேண்டும். முறை தவறியதாலும், மருந்தின் கடுமையாலும் நோயாளர் சிலர் துன்புற்றனர், சிலர் இறந்தனர். எர்லிக் ஒவ்வொரு துயரச் செய்தியின் காரணத்தையும் தேடினார். தொழிற்சாலையில் ஆக்கிய ஒவ்வொரு தொகுதியும் விலங்குகளில் சோதிக்கப்பட்ட பின்னரே வெளிச்சென்றது. மேலும் உழைத்து, 1912-ஆம் ஆண்டில் 914 என்னும் எண் கொண்ட நியோசால்வர்சானை வெளியிட்டார். அது ஆற்றலில் சிறிது குறைந்ததாயினும், எளிதில் கரைவதாகவும் கையாளுதற்கு எளியதாகவும் இருந்தது.

புகழோடு பழியும் அவரைத் தொடர்ந்தது. போதிய ஆராய்ச்சியின்றி மருந்தைப் பரப்பினார் என்று சிலர் தூற்றினர்; பொருளாசையால் செய்தார் என்று வேறு சிலர் பழித்தனர். ஜெர்மானிய நாட்டவையிலும் இது வாதிக்கப்பட்டது. 1914-ஆம் ஆண்டில் பிராங்பர்ட் வழக்குமன்றத்தில் எர்லிக் சான்று கூறவும் நேர்ந்தது. மருந்தைப் பற்றி அவதூறு எழுதிய இதழாளர் தண்டிக்கப்பெற்றார். ஆயினும், அவ்வெற்றி அவருக்கு ஆறுதல் அளிக்கவில்லை. ஓயாத உழைப்பினாலும் கவலையினாலும் உடல் நலிந்த அவர், 1915-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20-ஆம் நாள் பாட்ஹோம்பர்க் என்னும் ஊரில் உயிர்நீத்தார்.

அவர் யூதர் என்பதனால், ஹிட்லர் ஆட்சியில் பிராங்பர்ட் நகரத் தெரு ஒன்றிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. அவர் மனைவியார் ஹெட்விக் அம்மையாரும் நாட்டை விட்டு நீங்க நேர்ந்தது. அவ்வாட்சி அழிந்தது, அவர் பெயர் மீண்டது. அவர் தலைமை தாங்கிய சோதனை நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கி, பிராங்பர்ட்டை அடுத்த லாங்கன் நகரில் தடுப்பூசி மருந்துகளைச் சோதித்துவருகிறது. பெனிசிலின் வந்தபின் சால்வர்சான் வழக்கொழிந்தது. ஆனால், அவர் காட்டிய நெறி வழக்கொழியவில்லை. புதிய மருந்தை முதலில் விலங்குகளிலும், பின்னர்ச் சிலரிடத்தும், அதன்பின் பலரிடத்தும் ஆராய்ந்து, வெளிவந்த பின்னும் அதன் விளைவைக் கண்காணித்தல் இன்று உலக வழக்காயிற்று.

மருந்து காண்போனும் மருந்தை ஆய்வோனும் பகைவர் அல்லர். ஏரும் எருதும் போல அவர்கள் ஒருங்கு செல்லும்போதே பயன் விளையும். துணிவு ஒன்றே இருப்பின் அது பிறர் உயிரைப் பணயம் வைக்கும் துணிவாக முடியும். அச்சம் ஒன்றே இருப்பின் நோயாளி வாயிலில் நின்று மடிவான். நிறைகோலின் முள் நடுவில் நிற்பதற்கு இரு தட்டுகளும் வேண்டும். அவ்விரு தட்டுகளையும் தம் கையால் தாங்கி, முள்ளை இடையறாது நோக்கி வாழ்ந்த பால் எர்லிக்கின் வரலாறு, அறிவுத் துறையில் புகும் இளைஞர் அனைவர்க்கும் வழிகாட்டும் விளக்காகும்.